சேற்றுத்திட்டுக்கு முன்பே இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள்: கழிமுகப் படகு சவாரியை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். கழிமுகத்தில் படகு விட உரிமம் தருகிறவர்களுக்கும், படகுத்துறையில் சீட்டுக் கிழித்து அனுப்புகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஊர்ப்பெயரை வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறேன். எழுதினால், தினக்கூலிக்குப் படகு ஓட்டுகிற யாரோ ஒருவரின் வேலைதான் போகும். எந்தப் படகுத்துறை என்று உங்களுக்குத் தெரியும். அங்கே என்ன நடக்கிறது என்பதும் தெரியும்.

கேட்பது ஒன்றுதான். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் சேற்றுத்திட்டுக்குப் பக்கத்தில் மோட்டார் படகு போகக்கூடாது. நூறு மீட்டர் தள்ளியே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

போன ஜனவரியில் ஒரு காலை. நாங்கள் துடுப்புப் படகில் போயிருந்தோம். ஓதம் (கடலேற்ற நீர்) வடிந்து, சுரபுன்னை மரங்களின் வேர்களுக்கு அப்பால் சேறு வெளியே தெரியத் தொடங்கியிருந்தது. கொசு உள்ளான்கள், பவளக்காலிகள், நடுவில் சில கோட்டான்கள் (ஆந்தை இல்லை, வளைந்த நீள அலகுள்ளவை) என்று கரைப்பறவைகள் எல்லாம் இறங்கி மேயத் தொடங்கிய நேரம். எங்கள் படகோட்டி துடுப்பை மேலே எடுத்துவிட்டு, "இதுக்கு மேல வேணாம் சார், இப்பதான் சாப்பிட இறங்குதுங்க" என்றார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் பின்னாலிருந்து மோட்டார் படகு வந்தது. திட்டை நோக்கி நேராகவே விட்டார்கள். மொத்தக் கூட்டமும் கலைந்து எழும்பியது. படகில் கைதட்டல், கையில் போன்கள். பறவைகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தன. அடுத்த படகு வந்தது, மறுபடி எழும்பின. அதற்கடுத்த படகும் அப்படியே. கடைசியில் அவை திரும்பவே இல்லை. ஓதம் ஏறி, திட்டு மூழ்கிவிட்டது.

பறவை பறந்தால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொசு உள்ளானின் எடை முப்பது கிராமை ஒட்டித்தான் இருக்கும். ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு அங்கிருந்து நம் கரைக்கு வலசை வருகிறது. இங்கே அதற்கு இருக்கிற வேலை தின்பதுதான். சேற்றுப் புழு, சிறு இறால் வகைகள், பூச்சி என்று தின்று உடம்பில் கொழுப்புச் சேர்த்தால்தான் ஏப்ரல், மே மாதத்தில் வடக்கே திரும்ப முடியும். அந்தச் சேறும் நாள் முழுக்கத் திறந்திருப்பதில்லை, வற்றத்தின்போது சில மணி நேரம்தான். நம் கிழக்குக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் வெளியே வருகிற சேறும் குறைவு. இந்தத் திட்டு இல்லையென்றால் பக்கத்துத் திட்டு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவரைச் சோறு வைக்கிற நேரத்தில் எழுப்பி விடுவதைத்தான் தினமும் செய்கிறோம், அதுவும் காசு வாங்கிக்கொண்டு.

சேற்றில் சேர்க்கிற கொழுப்பு என்ன செய்யும் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். 2022-இல் பட்டைவால் மூக்கன் என்ற நீள அலகுக் கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,500 கிலோமீட்டருக்கு மேல், எங்கும் இறங்காமல், பதினொரு நாளில் பறந்தது செயற்கைக்கோள் கருவியில் பதிவானது. பறக்கும் முன் சேற்றில் தின்று வைத்ததுதான் அத்தனை தூரத்துக்கும் எரிபொருள்.

படகோட்டிகளை நான் குறை சொல்லவில்லை. "கிட்ட போங்கண்ணே, பறக்க விடுங்க" என்று கேட்கிறவர்கள் பயணிகள். பறக்க விட்டால் கையில் ஐம்பதோ நூறோ கிடைக்கும், மாட்டேன் என்றால் முகம் சுளிப்பார்கள். அவருக்கு மறுத்துச் சொல்லும் தெம்பு வர வேண்டுமானால், பின்னால் உங்கள் விதி ஒன்று இருக்க வேண்டும். இன்று அது இல்லை.

2004 சுனாமிக்குப் பிறகு அலையாத்திக் காட்டைப் புகழாத மேடை இல்லை. கோடியக்கரை 2002-லேயே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் வந்துவிட்டது, பிச்சாவரம் 2022-இல் சேர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் நான் சொல்கிற படகுத்துறையில் நுழைவு வளைவுக்கும் செல்ஃபி மேடைக்கும் பணம் இருக்கிறது. படகோட்டிக்கு நிழலில் உட்கார ஒரு கொட்டகை இல்லை, பெண்கள் போக நல்ல கழிப்பறை இல்லை, பறவை எப்போது மேயும் என்று சொல்ல ஒரு பலகை இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுயிரை விரட்டுவதையும் வேட்டையில்தான் சேர்க்கிறது. அதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டிய நிலை வந்திருப்பதுதான் வருத்தம்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டதையே மறுபடி கேட்கிறேன். திட்டுகளைச் சுற்றி நூறு மீட்டர் தள்ளிக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். அதற்குள் துடுப்பு மட்டும்தான், இன்ஜின் கூடாது என்று சீட்டிலேயே அச்சடியுங்கள். மீறச் சொல்லும் பயணியை இறக்கிவிடும் உரிமையைப் படகோட்டிக்கு எழுத்தில் கொடுங்கள். இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

ஆகஸ்டு கடைசியிலேயே முதல் கூட்டங்கள் வந்திறங்கத் தொடங்கிவிடும். அதற்கு முன் கம்புகள் நடப்பட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நடுகிற அன்று ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள், நாங்கள் சிலர் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அந்தத் துடுப்புப் படகில் இருந்த ஒரு பயணி