தபால்காரராக இருந்த தத்துவப் பேராசிரியர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரெஞ்சு தத்துவம் என்றாலே சார்த்தர், ஃபூக்கோ, தெரிதா என்று மூன்று பெயர்களோடு நம் பத்திரிகைகள் நின்றுவிடுகின்றன. காஸ்தோன் பஷ்லார் பற்றியும் ஒரு முழுப்பக்கக் கட்டுரை போடுங்கள்.

1884-இல் பார்-சூர்-ஓப் என்ற சிற்றூரில் பிறந்தவர். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே படித்து 1912-இல் கணிதப் பட்டம் வாங்கினார். அப்புறம் முதல் உலகப் போர், பதுங்குகுழி. திரும்பி வந்து சொந்த ஊர்ப் பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் சொல்லிக்கொடுத்த காலத்தில்தான், 1920-இல், மனைவி இறந்துபோனார். கைக்குழந்தையாக இருந்த மகள் சுஸானைத் தனியாளாக வளர்த்தபடியே தத்துவம் படித்து, 40 வயதைத் தாண்டி 1927-இல் முனைவர் பட்டம் பெற்று, 1930-இல் திஜோன் பல்கலைக்கழகத்துக்கும் 1940-இல் பாரிஸின் சோர்போனுக்கும் பேராசிரியராகப் போனார். அந்த மகளும் பின்னாளில் தத்துவப் பேராசிரியர் ஆனார்!

அறிவியல் வளர்வதற்குத் தடை வெளியே மட்டும் இல்லை, நமக்கு ஏற்கெனவே தெரியும் என்று நாம் நம்புவதே பெரிய தடை என்று 1938-இல் எழுதினார். வகுப்பறையில் பையன்களோடு மல்லுக்கட்டிய ஒருவரால்தான் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டில் நெருப்பைப் பற்றி, மனிதர் அதன் முன்னால் உட்கார்ந்து காணும் பகற்கனவுகளைப் பற்றி இன்னொரு புத்தகம். ஒரே ஆள்தான் இரண்டையும் எழுதினார் என்பதை நம்பவே முடியவில்லை.

கட்டுரை வரும்போது அந்தப் பள்ளி ஆசிரியர் காலத்தைச் சுருக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்