ஆயாவின் உப்புக் கணக்கு

காசிமேடு,
மாசி 12

அன்புள்ள மல்லிகா,

உன் கடுதாசி வந்தது. ஓசூர்ல குளிர் இன்னும் விடலைன்னு எழுதியிருந்தே. இங்கே வெயில் ஏறிடுச்சு, நெத்திலி ஒன்றரை நாள்ல காயுது. ஆயாவோட அருவாமணையும் மூங்கில் தட்டியில ஒண்ணும் உன் தம்பி வீட்டு மாடியில பத்திரமா இருக்கு. சிமெண்ட் தொட்டிதான் விரிசல் விட்டிருக்கு, அதைக் கடைசியில சொல்றேன்.

ஆயாவோட பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவங்க எல்லாரும் ஒண்ணையேதான் சொன்னாங்க: “உழைச்சே ஓடாத் தேஞ்சுது கிழவி.” தேஞ்சது நிஜம்தான். ஆனா காசிமேட்டுல உழைக்காத பொம்பளை யாரு? ஆயா கருவாடு ஆடி மாசத்துலயும் புழு வைக்காம இருந்துச்சுன்னா அதுக்கு உடம்பு மட்டும் காரணமில்லை, கணக்கு காரணம். ஆயா கருவாடு போட்ட விதத்தை உன் மருமகளுக்காகக் கேட்டிருக்கே. அந்தக் கணக்கையே எழுதுறேன்.

நெத்திலிக்கு உப்பே வேணாம். உப்புத் தண்ணியில ஒரு அலசு அலசி, வலை மேல ஒத்தைப் படலமா பரப்பணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டணும். ஒடிச்சா ‘டக்’குனு சத்தம் வரணும். வளைஞ்சா இன்னும் ஒரு வெயில் வேணும். நாலு கிலோ பச்சை மீன் காஞ்சா ஒரு கிலோ நிக்கும். ஏலத்துல நின்னு விலை கேக்கும்போதே ஆயா அதை நாலால பெருக்கி, கூடைக்கூலி சேத்து, மனசுக்குள்ள ஒரு நம்பர் வச்சிருக்கும். அதைத் தாண்டி ஒரு ரூபா ஏறினாலும் திரும்பி நடந்துடும். பின்னாடி யாரு கூப்பிட்டாலும் நிக்காது.

பெரிய மீன்லதான் வேலையே இருக்கு. வஞ்சிரமோ பெரிய பன்னாவோ, முதுகுப் பக்கமா பிளக்கணும், வயித்துப் பக்கம் ஒட்டியே இருக்கணும். குடலை எடுத்த பிறகு நடுமுள்ளை ஒட்டிக் கறுப்பா ஒரு ரத்தக்கோடு தெரியும் பாரு, நிறைய பேர் அதை விட்டுடுவாங்க. ஆயா கட்டைவிரல் நகத்தாலேயே அதை வாலு வரைக்கும் சுரண்டி எடுக்கும். அந்த நகம் எப்பவும் மத்த நகத்தைவிட நீளமா இருந்தது ஞாபகம் இருக்கா? கெட ஆரம்பிச்சா மீன் முதல்ல அங்கேதான் கெடும். அப்புறம் சதையில ஒரு விரல் இடைவெளி விட்டுக் கீறணும், உப்பு உள்ளே போறதுக்கு.

மூணு கிலோ மீனுக்கு ஒரு கிலோ கல்லுப்பு. வாளை மாதிரி மெலிசான மீனுன்னா அஞ்சுக்கு ஒண்ணு போதும். பொடி உப்பு மட்டும் வாங்கவே வாங்காதே. அது மேல் சதையிலிருந்து தண்ணியைச் சட்டுனு இழுத்து இறுக்கிடும், அதுக்கப்புறம் உள்ளே உப்பு இறங்காது. பாக்க நல்லாத்தான் இருக்கும், பத்து நாள் கழிச்சு முள்ளுக்கிட்ட நாத்தம் அடிக்கும். கல்லுப்பு மெதுவா கரையும், மெதுவா இறங்கும்.

தொட்டி அடியில உப்பு, மேல தோல் கீழே பட மீன், திரும்ப உப்பு. கடைசி அடுக்கை மட்டும் தோல் மேலே வர மாதிரி கவுத்து வச்சு, பலகை போட்டு, கல்லு ஏத்தணும். சாயங்காலம் அடுக்கினா ராத்திரிக்குள்ள மீனோட தண்ணியே ஊறி எல்லாத்தையும் மூடணும். மூடலைன்னா உப்பு பத்தலை, இன்னும் போடு. அடியில கரையாத உப்பு கொஞ்சம் தங்குற வரைக்கும் பயமில்லை. பெரிசுக்கு ரெண்டு ராத்திரி, வாளைக்கு ஒரு ராத்திரி. சுறாவும் திருக்கையும் தனி. முதல்ல ரத்தத்தை நல்லா வடிச்சு, துண்டை மெலிசா போட்டு, உப்புத் தண்ணியை ரெண்டு தடவை மாத்தி ஊற வைக்கலைன்னா மூக்கைத் துளைக்கிற நெடி போகவே போகாது.

எடுத்ததும் குழாய்த் தண்ணியில கழுவிடாதே, சதை நெகிழ்ந்துடும். உப்புத் தண்ணி கரைச்சு ஒரு முக்கு, அவ்வளவுதான். துறைமுகத் தண்ணியை ஆயா கருவாட்டுக்கிட்டயே விடாது, அதுல டீசல் மிதக்கும்.

காய வைக்கிறதுல முதல் நாள்தான் ஆபத்து. மொட்டை வெயில்ல போட்டா மேல்தோல் ஓடு மாதிரி இறுகி ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். அதனால காலையில வெயில், உச்சியில நிழல், மூணு மணிக்கு மேல திரும்ப வெயில். பொழுது சாஞ்சதும் எல்லாத்தையும் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, கோணி போத்தி, கல்லு வைக்கும். பனி படாம இருக்கன்னு நினைச்சிருப்பே. அதுவும்தான். ஆனா ராத்திரி பாரத்துல நடுவுல இருக்கிற ஈரம் மேலே வரும், மறுநாள் வெயில் அதை எடுத்துக்கும். இப்படி மூணு நாள், நாலு நாள். கடைசியில முள்ளுக்கிட்ட கனமான இடத்துல கட்டைவிரலால அமுக்கிப் பாக்கணும், குழி விழக்கூடாது.

ஈ முட்டை வைக்கிறது ஈரமா இருக்கிற முதல் சில மணி நேரத்துலதான். ஆயா பழைய நைலான் வலையை ரெண்டா மடிச்சுப் போத்தும், பக்கத்துல வேப்பிலைப் புகை போடும். சிலபேர் பூச்சி மருந்தையே தெளிக்கிறாங்க. அந்தச் சரக்கு மேல ஈயே உக்காராது. ஈ உக்காராத கருவாட்டை வாங்காதேன்னு ஆயா சொல்லும், நானும் அதையேதான் சொல்வேன்.

தட்டிக்கு ஆயா மாறினது சுத்தத்துக்காகன்னு பேசிக்கிறாங்க. அது பாதிதான். காயப் போட மணலே இல்லாம போச்சே! துறைமுகச் சுவர் வந்ததுலேர்ந்து வடக்கே வர வேண்டிய மணலெல்லாம் தெற்கே மெரினாவுல சேர்ந்துச்சு, நம்ம பக்கம் கடல் தெருவையே தின்னுச்சு, அப்புறம் பாறாங்கல்லைக் கொட்டினாங்க. கல்லு மேல எப்படிக் காய வைக்கிறது? மாடிக்கு ஏறினது அப்படித்தான்.

மழைக்காலத்துல, ஐப்பசி கார்த்திகையில, ஆயா காய வைக்கவே முயற்சி பண்ணாது. உப்புத் தண்ணி மேலே நிக்க, பாரம் வச்சு, தொட்டியிலேயே ரெண்டு மூணு வாரம் விட்டுடும். வெயில் வந்த அன்னிக்கு எடுக்கும்.

இப்போ காசு. இதை யாருமே பேசலை, எனக்கு இதுதான் பெரிசாப் படுது. தண்டல்ல, அதான் தினம் கட்டுற கடன்ல, பத்தாயிரம் எழுதினா கையில 8,500 வரும், தினம் நூறு வீதம் நூறு நாள் கட்டணும். பாக்க 1,500 ரூபா வட்டிதானேன்னு தோணும். ஆனா முதல் நாள்லேர்ந்தே அசல் குறைஞ்சுக்கிட்டே வருது, முழுப் பணம் நம்ம கையில என்னிக்கு இருந்துச்சு? கணக்குப் போட்டா மாசம் பத்து வட்டி கிட்ட வரும். ஆயா பள்ளிக்கூடம் போகலை, இது அதுக்குத் தெரியும். நெத்திலிக்குத் தண்டல் வாங்கும், மூணாம் நாள் வித்துக் காசாயிடும். உப்புக் கருவாட்டுக்கு வாங்கவே வாங்காது. அது காஞ்சு, மீன்பிடித் தடைக்காலத்துக்குன்னு காத்திருந்து வித்துக் காசாக ரெண்டு மாசம் ஆகும், தண்டல்காரன் நாளைக்கே வாசல்ல நிப்பான். கருவாட்டுக்கு எப்பவும் சீட்டுப் பணம்தான். ‘வேகமா வர்ற காசுக்கு வேகமான கடன், மெதுவா வர்ற காசுக்குக் கடனே கூடாது’ன்னு வெத்திலையை மென்னுக்கிட்டே சொல்லும். இந்த ஒண்ணைப் பிடிக்காம எத்தனை பேர் அருவாமணையை அடகு வச்சாங்க!

தடைக்காலம்தான் ஆயாவுக்கு அறுவடை. முன்னாடி 45 நாள், 2017லேர்ந்து ஏப்ரல் 15ல தொடங்கி ஜூன் 14 வரைக்கும் 61 நாள். லாஞ்செல்லாம் கட்டிக் கிடக்கும், பச்சை மீன் விலை எகிறும், வண்ணாரப்பேட்டை, மிண்ட் பக்கமெல்லாம் கருவாட்டுக்கு ஆள் தேடி வரும். அதுக்குத் தையிலேயே வாங்கிப் பங்குனிக்குள்ள காய வச்சு முடிச்சிடும். நெத்திலி, சென்னாக்குனிங்கிற பொடி இறால் படிக்கணக்கு. வாளை கூறு. பெரிசு எண்ணிக்கை.

கருவாட்டுல ரோஸ் கலர் பூத்தா மருமக பதறிடப் போறா. அது உப்பளத்துலேர்ந்து உப்போடவே வர்ற கிருமி. சதை கெட்டியா இருந்தா அடர்த்தியான உப்புத் தண்ணியில தேய்ச்சுக் கழுவித் திரும்பக் காய வைக்கலாம். வழவழன்னு பிசுபிசுத்து நாத்தம் வந்துட்டா தூக்கிப் போட்டுடணும். ஒரு தடவை போட்ட உப்பை மறுபடி எடுத்துப் போட்டா இது கட்டாயம் வரும். பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டாதே, வேர்க்கும். கூடைக்குள்ள ஓலைப்பாய் போட்டு வை.

தொட்டிக்கு வர்றேன். உன் தம்பி விரிசலைச் சிமெண்ட் வச்சு அடைக்கலாம்ங்கிறான். வேணாம்னு சொல்லு. பழைய உப்புத் தண்ணி உள்ளே ஊறிக் கிடக்கும், போடுற சரக்கெல்லாம் சிவக்கும். ஐம்பது லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒண்ணு போதும், பலகையை அதுக்குத் தக்க வட்டமா அறுக்கணும்.

அருவாமணையை அடுத்த வாரம் ஓசூர் பஸ்ல வர்ற ஆள்கிட்டக் குடுத்து விடுறேன், சாக்குல சுத்தி. சாணை பிடிக்க வேணாம், அது பிடிச்சபடியே இருக்கு. தட்டியில ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு என் மாடியில நெத்திலியோட கிடக்கு, அதைக் கேக்காதே.

உன்,
செல்வி