மூன்றாவது மனுவுக்கும் பதில் வராததால்

எங்கள் சேர்வராயன் மலையில் செல்போன் டவர் வைத்திருக்கும் நிறுவனத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கரண்ட் போன அரை மணி நேரத்தில் உங்கள் டவரும் படுத்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். பேட்டரியை மாற்றச் சொல்லி ஊரே கையெழுத்துப் போட்ட மனு உங்களிடம்தான் இருக்கிறது. அது மூன்றாவது மனு.

போன மாசியில் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பிமேல் விழுந்ததில் நான்கு நாள் கரண்ட் இல்லை. வீட்டில் காய்ந்த மிளகு 140 கிலோ மூட்டை கட்டி இருந்தது. மூன்றாம் நாள் வியாபாரி வண்டியோடு வந்து கிலோ 610 என்றார். "செவ்வாய்ப்பேட்டையில இறங்கிப்போச்சுங்க, நாளைக்கு இதுவும் கிடைக்காது." சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில்தான் என் மச்சினன் கணக்கு எழுதுகிறான். ஒரு போன் போட்டால் உண்மை தெரிந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் ஏறி, வியாபாரி டீ குடித்து முடிக்கிறவரை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கோடுகூட வரவில்லை. பையனுக்கு காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய வாரம் அது. கொடுத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் டவருக்கு உயிர் வந்தது. பதினோரு மெசேஜ் மொத்தமாக வந்து விழுந்தன. நடுவில் மச்சினனுடையது: "655 போகுது மாமா, கொடுத்துடாதீங்க." 6,300 ரூபாய் போச்சு. புகார் சொல்ல 198க்கு அழைக்கலாம்தான். அதற்கும் சிக்னல் வேண்டுமே.

கேரளக் கடலோரத்தில் 1997 முதல் 2001 வரை செல்போன் வந்த கதையை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் 2007இல் எழுதியிருக்கிறார். அதற்கு முன் ஒரு கரையில் மத்தி மீனை வாங்க ஆளில்லாமல் கொட்டுவார்களாம், பக்கத்துக் கரையில் வாங்க வந்தவர் வெறுங்கையோடு போவாராம். படகிலிருந்தே விலை கேட்க முடிந்ததும் மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. அன்றைக்கே கடலுக்குள் இருபது கிலோமீட்டர் போன படகுக்கு சிக்னல் கிடைத்திருக்கிறது. சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டரில், டவரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நிற்கிற எனக்குக் கிடைக்கவில்லை.

விலையைப் போனிலேயே பாருங்கள் என்று விளம்பரம் வேறு. ரேஷன் கடையில் கைரேகை மெஷினும் சிக்னலுக்காகக் காத்துக்கிடக்கிறது, அதன் பின்னால் கிழவிகள் வரிசை. சரி, அதெல்லாம் உங்களிடம் கேட்க வேண்டியதல்ல.

புது டவர் கேட்கவில்லை, 5ஜி கேட்கவில்லை. இருக்கிற டவருக்கு பேட்டரியை மாற்றுங்கள், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுங்கள். கார்த்திகையில் காப்பிப் பழம் பறிக்க ஆரம்பித்துவிடுவோம். அதற்குள் பேட்டரியை மாற்றித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஆட்கள் வரும்போது போன் செய்துவிட்டு வரலாம் என்று காத்திருக்க வேண்டாம், நேரே வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டு மிளகு விவசாயி ஒருவன்