மணவாளக்குறிச்சி மணலும் உன் மகளின் குவாண்டம் பயமும்

கொளச்சல்,
ஆவணி மாதம்

அன்புள்ள தாணு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கன்னிப்பூ அறுப்பு நேரம். அண்ணனின் வயலுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்ததில் பதில் எழுதப் பிந்திவிட்டது. குலசேகரம் பக்கம் மழை விடாததால் மைத்துனர் ரப்பர் பால் வெட்ட முடியாமல் வீட்டில் உட்கார்ந்து அரசியல் பேசிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு மூட்டு வலி பழையபடிதான். மற்றபடி எல்லோரும் நலம்.

முதுகலை இயற்பியல் சேர்ந்திருக்கும் மகள் குவாண்டம் தாளைக் கண்டு மிரள்கிறாள், எங்கிருந்து தொடங்கச் சொல்வது என்று கேட்டிருந்தாய். அவளிடம் முதலில் அந்தப் பூனையை விட்டுவிடச் சொல். பெட்டிக்குள் செத்தும் சாகாமலும் கிடக்கும் அந்தப் பூனையை ஷ்ரோடிங்கர் 1935-இல் கொண்டுவந்தது பாடம் நடத்துவதற்காக அல்ல, குவாண்டம் கொள்கைக்கு அன்று தந்த விளக்கத்தில் உள்ள சிக்கலைக் குத்திக்காட்டுவதற்காக. அதில் தொடங்கும் மாணவர்கள் தத்துவம் பேசக் கற்றுக்கொள்கிறார்கள், கணக்கு போடுவதில்லை. அந்தப் பெட்டியில் பூனையோடு சிறிது கதிரியக்கப் பொருளும் இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும். அது நம் ஊரிலேயே கிடக்கிறது.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலைத்தான் சொல்கிறேன். 1909-இல் இங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உள்ள மோனசைட் கனிமத்தைக் கண்டுபிடித்த கதை உனக்குத் தெரியும். அப்போது இது திருவிதாங்கூர். காஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேண்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்த காலம், நம் மோனசைட்டில் தோரியம் ஆக்ஸைடு 8 முதல் 10 சதவீதம். மணல் ஆலை வந்தது அப்படித்தான். (கிள்ளியூர்ப் பக்கம் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்துக்கு எழுந்திருக்கும் எதிர்ப்பைப் பற்றி நேரில் பேசுவோம். அது கடிதத்தில் அடங்காது.)

தோரியம்-232 அணுக்கரு ஆல்பா துகள் (இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த கட்டு) ஒன்றை உமிழ்ந்து சிதைகிறது. அரை ஆயுட்காலம் (அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம்) சுமார் 1,400 கோடி ஆண்டுகள், அதாவது பிரபஞ்சத்தின் வயதை ஒட்டிய காலம். வேடிக்கை இனிமேல்தான். கருவின் விளிம்பில் ஆல்பாவை உள்ளே பிடித்து வைக்கும் ஆற்றல் அரணின் உயரம் ஏறக்குறைய 28 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (அணு உலகில் ஆற்றலை அளக்கும் அலகு, இனி மில்லியன் என்று மட்டும் எழுதுகிறேன்). அரணின் மேல் ஏறித் தாண்டி வந்திருந்தால், வெளிப்பக்கச் சரிவில் மின் விலக்கு விசை தள்ளத் தள்ள அது 28 மில்லியனோடு வந்து சேர வேண்டும். வருவதோ 4 மில்லியனோடு. அப்படியென்றால் அது ஏறவே இல்லை.

1928-இல் காமோவும், தனியாக கர்னி, காண்டன் இருவரும் சொன்ன விடை இதுதான். ஆல்பாவுக்குரிய அலைச்சார்பு, அதாவது அதை அலையாக விவரிக்கும் கணிதச் சார்பு, அரணின் சுவரில் சட்டென்று நின்றுவிடுவதில்லை. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை அரணுக்குள் எழுதிப் பார்த்தால், அலைபோல ஏறி இறங்கும் தீர்வு மறைந்து, அடுக்குக்குறி வேகத்தில், அதாவது சம தூரத்துக்கு ஒரே விகிதத்தில், தேயும் தீர்வு கிடைக்கிறது. தேயுமே தவிர பூஜ்ஜியமாகாது. அரணின் தடிமன் முடிவுள்ளது என்பதால் மறுபுறத்தில் மிகச் சிறிய மிச்சம் எட்டிப் பார்க்கிறது. அந்த மிச்சத்தின் வர்க்கம்தான் துகள் வெளியே இருப்பதற்கான நிகழ்தகவு. அலைச்சார்பின் வர்க்கத்துக்கு இந்தப் பொருளை மேக்ஸ் போர்ன் கொடுத்தது 1926-இல். பாடத்தின் முதல் இரண்டு மாதங்களில் வரும் கருத்துகளில் பாதி இந்த ஒரு நிகழ்ச்சிக்குள் இருக்கிறது.

இதைத் தோராயமாகக் கணக்கிட்டால் ஆல்பா உள்ளே விநாடிக்குச் சுமார் 10²¹ முறை சுவரில் மோதுகிறது. 10³⁸ முறைக்கும் மேல் மோதினால்தான் ஒரு முறை தப்பிக்கிறது. மோதுகிறது என்று சொல்வதே பழைய இயற்பியலின் பேச்சுதான், ஆனாலும் விடை கிட்டத்தட்ட சரியாக வருகிறது. ஆசிரியர்களுக்கு இது கொஞ்சம் சங்கடம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்தது. தோரியம் ஒரே தாவலில் ஈயமாகிவிடுவதில்லை. வேறு வேறு தனிமங்களாக அடுத்தடுத்துச் சிதைந்துகொண்டே போகும் சங்கிலி அது. அதன் கடைசிப் பக்கத்தில் பொலோனியம்-212 வருகிறது. அதன் ஆல்பாவின் ஆற்றல் 8.8 மில்லியன், தோரியத்தினுடையதைப் போல இரண்டு மடங்கு சொச்சம். அரை ஆயுட்காலமோ 0.3 மைக்ரோ விநாடி. ஆற்றல் இரட்டித்தவுடன் ஆயுள் ஒன்றுக்குப் பின் 24 சைபர் போட்ட அளவுக்குச் சுருங்கிவிட்டது! காரணம் அரணின் தடிமன். 4 மில்லியன் உள்ள ஆல்பா கடக்க வேண்டியது 50 ஃபெம்டோமீட்டருக்கு (ஒரு ஃபெம்டோமீட்டர் 10⁻¹⁵ மீட்டர்) மேல், 8.8 மில்லியன் உள்ளதற்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். தடிமன் அடுக்குக்குறியில் உட்கார்ந்திருப்பதால் விளைவு இப்படித் தாறுமாறாகிறது. ஆற்றல் கூடினால் ஆயுள் குறையும் என்பதை கைகரும் நட்டாலும் 1911-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள், ஆனால் ஏன் என்று சொல்ல ஆள் இல்லை.

சில புத்தகங்களில் துகள் "ஆற்றலைக் கடன் வாங்கித் தாண்டுகிறது" என்று எழுதுகிறார்கள். வங்கிக்காரனான உனக்கு அது இனிக்கலாம், எனக்குக் கோபம்தான் வருகிறது. உள்ளே 4, வெளியே 4. கடனும் இல்லை, வட்டியும் இல்லை. மகள் தேர்வில் அப்படி எழுதினால் நானாக இருந்தால் மதிப்பெண் குறைப்பேன்.

இன்னொன்று, தோரியம் அணுவுக்கு வயதாவதில்லை. பூமி தோன்றிய நாளிலிருந்து காத்திருக்கும் அணுவுக்கும் நேற்று ஆய்வகத்தில் பிறந்த அணுவுக்கும் அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பு ஒன்றேதான். ஒரு கிராம் தோரியத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 4,000 அணுக்கள் சிதையும் என்று துணிந்து சொல்லலாம். எந்த அணு என்று கேட்டால் குவாண்டம் கொள்கையிடம் பதில் கிடையாது. அணுவுக்குள் நாம் அறியாத காரணம் ஏதாவது ஒளிந்திருக்குமோ என்று மகள் கேட்டால், நல்ல கேள்வி என்று தட்டிக்கொடு. 1964-இல் இயற்பியலாளர் ஜான் பெல் அந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றாக மாற்றினார். ஒளியை விட வேகமாக ஒன்றையொன்று பாதிக்காத மறைந்த காரணங்களால் சோதனை முடிவுகளை விளக்க முடியாது என்று தெரிந்தது. அந்தச் சோதனைகளுக்குத்தான் 2022-இல் ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு. ஆனால் இது இரண்டாம் பருவத்துக்கு. இப்போதே போய்க் குழம்ப வேண்டாம்.

தீபாவளி விடுமுறைக்கு அவளையும் அழைத்து வா. எங்கள் துறையில் இருக்கும், கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கவுன்டரை வாங்கி வைக்கிறேன், கடற்கரைக்கு எடுத்துப் போவோம். வருவதற்கு முன் அவள் தோரியம், பொலோனியம் இரண்டின் அரண் தடிமனையும் தாளில் கணக்கிட்டுக் கொண்டுவர வேண்டும். மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலம் விதியும் நான் மேலே எழுதிய எண்களும் போதும், பெரிய கணிதம் தேவையில்லை. தடிமன் வந்துவிட்டால் மீதியை இங்கே சேர்ந்து போடலாம்.

உன் இரத்த அழுத்தம் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் எழுது.

உன் அன்பு நண்பன்,
யேசுதாசன்