மலையகத்துச் சீனியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கண்டி நகரங்களில் சட்ட அலுவலகம் நடத்தும் மதிப்புக்குரிய சேர்மாருக்கும் மேடம்மாருக்கும்,

வணக்கம். சட்டத்தரணிகள் நாலு பேர் கூடி நின்று தேநீர் குடித்தால் இந்தப் பேச்சு வந்துவிடும்: "இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. தொழிலைப் பழக்கிவிட்டால் கொழும்புக்கு ஓடிவிடுகிறார்கள்." ஓடுகிறார்கள்தான். ஆனால் ஏன் போனாய் என்று போனவர்களிடம் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் ஒரு சீனியரின் சேம்பரை, அதாவது சட்ட அலுவலகத்தை, விட்டு இன்னொன்றுக்குப் போனவன். இன்று என்னிடமும் ஜூனியர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால் எழுதுகிறேன்.

முதலில் காசு. சட்டக் கல்லூரியில் மூன்று வருடம், ஆறு மாதத் தொழிற்பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். இவ்வளவும் முடித்து ஊருக்கு வருகிற பிள்ளைக்கு நம்மில் பலர் மாதச் சம்பளம் என்று எதுவும் வைத்திருப்பதில்லை. கோர்ட் முடிந்ததும் சீனியரின் மனநிலையைப் பொறுத்து ஏதோ கைக்கு வரும். வராமலும் போகும். கொழும்பில் ஒரு நிறுவனமோ வங்கியின் சட்டப் பிரிவோ மாதம் பிறந்தால் சம்பளம் போடுகிறது, ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதியும் கட்டுகிறது. அப்பாவும் சட்டத்தரணி என்றால் அந்தப் பிள்ளை இரண்டு மூன்று வருடம் பொறுத்துப் பார்க்கலாம். தோட்டத்து லயன் வீட்டிலிருந்து படித்து வந்த பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. வீடே அதன் கையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் யாரை நாம் தக்கவைக்க வேண்டுமோ அவர்கள்தான் முதலில் போகிறார்கள். தொழிலாளிக்கு ஈ.பி.எப். கட்டவில்லை என்று தோட்ட நிர்வாகத்தின் மேல் நாம் வழக்குப் பேசுகிறோம். நம் அலுவலகத்தில் டைப் அடிக்கிற தங்கச்சிக்கு யார் கட்டுகிறார்கள் என்பதை இந்த மடலில் கேட்கப் போவதில்லை.

ஆனால் காசை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. கொழும்புச் சம்பளத்தை வேண்டாம் என்று இங்கேயே நின்ற பிள்ளைகளும் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுகிறார்கள். அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள்.

நம் பக்கத்து நீதிமன்றங்களில் வழக்கேடு சிங்களத்தில் நடக்கிறது. கட்சிக்காரர் பேசுவது தமிழ். தமிழில் வழக்குத் தாக்கல் செய்யவும் மொழிபெயர்ப்புக் கேட்கவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தந்திருக்கிறது. நடைமுறையில் அந்த இடைவெளியை நிரப்புவது தமிழ் ஜூனியர்தான். வேலையை விட்டு நிற்கும் ஒரு தோட்டத் தொழிலாளி அம்மாவின் பணிக்கொடை வழக்கை எடுத்துக்கொள்வோம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். கணக்கு சுலபம், எத்தனை வருடம் என்பதை நிறுவுவதுதான் பாடு. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது நிர்வாகம் மாறியது; பழைய பதிவேடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் துரை (தோட்ட முகாமையாளர்) காலத்தில் பேர் பதிந்தார், எந்தப் பிள்ளை பிறந்தபோது தோட்டத்தின் எந்த டிவிஷனில் இருந்தார் என்று கேட்டுக் கேட்டு நாற்பது வருடச் சேவையைத் தாளில் கொண்டுவருவது ஜூனியர். வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. நாமோ அதற்குக் "கொஞ்சம் தமிழில் கேட்டுச் சொல்லம்மா" என்று பெயர் வைத்திருக்கிறோம். தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் எழுந்து நிற்பது சீனியர். எழுத்துமூலச் சமர்ப்பணத்திலும் பிள்ளையின் பெயர் இருக்காது.

இப்படியே மூன்று வருடம் போனால், நான் இங்கே சட்டத்தரணியா, உரைபெயர்ப்பாளரா என்ற சந்தேகம் யாருக்கும் வரும். சீனியரின் பையைத் தூக்கினோம், வழக்குக்கு அடுத்த தவணைத் திகதி வாங்கினோம், இதற்கு மேல் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. புதிய சேம்பரில் ஒரு குறுக்கு விசாரணை தருகிறோம் என்றால், சம்பளம் குறைந்தாலும் போய்விடுவார்கள். நானும் அதற்காகத்தான் போனேன்.

பெண் ஜூனியர்களைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். பின்னேரம் தொடங்கும் கட்சிக்காரர் சந்திப்பு இரவு எட்டு மணிக்கு முடிந்தால் மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் எந்த பஸ்ஸில் போவது? நேரத்தை முன்னால் தள்ளினால் தீர்கிற விஷயம் இது.

சரி, என்ன செய்யலாம்? மாதம் ஒரு நிலையான தொகை, சிறியதானாலும் திகதி தவறாமல். அதற்கு மேல், அவர்கள் உழைத்த வழக்கின் கட்டணத்தில் முன்கூட்டியே பேசிய ஒரு பங்கு. சேர்ந்த முதல் வருடத்திலேயே ஒரு சின்னப் பராமரிப்பு (ஜீவனாம்ச) வழக்கையாவது முழுதாகக் கையில் கொடுங்கள். பின்வரிசையில் இருந்து பாருங்கள், தடுமாறினால் குறிப்பெழுதிக் கொடுங்கள். சிங்களத்தில் வரைவு எழுதத் திணறும் பிள்ளைக்கு வாரம் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாலே போதும். கட்சிக்காரர் முன்னால் ஏசாதீர்கள். அப்புறம், பங்காளராகச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் எப்போது என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். தெரிந்துகொண்டு நிற்பவர் மனக்கசப்பில்லாமல் நிற்பார், போகிற நாளில் கோப்புகளை ஒழுங்காகக் கையளித்துவிட்டுப் போவார். இல்லாவிட்டால் அந்த அம்மா மறுபடி முதல் துரையிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும்.

நம் நகரங்களில் சட்டத்தரணிகள் சங்கம் இருக்கிறது. ஜூனியருக்குக் கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச மாதத் தொகையை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கும்படி கேட்கிறேன். பிரேரணையை நானே எழுதித் தருகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

இப்படிக்கு,
மலையகத்துச் சட்டத்தரணி ஒருவன்