டைகர் டி, டேவிட் டி

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய டிக்கெட் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். உன் பெயரும் அகில் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்கின்றன. திரும்பும் தேதியைத்தான் காணவில்லை. இரண்டாவது பக்கத்தை அனுப்ப மறந்திருப்பாய் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

என் கவலையெல்லாம் அட்லாண்டா விமான நிலையம்தான். ஹன்ட்ஸ்வில்லிலிருந்து வந்து இறங்கி, தோஹா விமானத்தைப் பிடிக்க ஒரு மணி இருபது நிமிடம்தான் கொடுத்திருக்கிறான். கையில் நாலு வயதுப் பிள்ளை. போதுமா? போதும் என்றுதான் சொல்வாய். இரண்டு மாதமாக எதைக் கேட்டாலும் "போதும்ப்பா", "நல்லா இருக்கோம்ப்பா", அதோடு போனை வைத்துவிடுகிறாய்.

சரி, சொல்வதைக் கேட்டுக்கொள். அங்கே கான்கோர்ஸ், அதாவது விமானம் ஏறி இறங்குகிற கட்டடம், ஏழு. ரயில் பெட்டிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தியது மாதிரி நீள நீளமாக இருக்கும். எல்லாவற்றையும் தரைக்கு அடியில் ஒரு சுரங்கம் இணைக்கிறது. அதில் ஓடுவதுதான் பிளேன் டிரெயின். ஓட்டுபவர் இல்லை, காசு இல்லை, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று வரும். வரிசை இது: டி, ஏ, பி, சி, டி, ஈ, எஃப். தமிழில் எழுதினால் இரண்டு டி வருகிறது பார், ஆபத்தே அங்கேதான். மேற்குக் கோடியில் இருப்பது டைகர் டி. நடுவில் சி-க்கு அடுத்து வருவது டேவிட் டி. வண்டியில் அறிவிக்கிற குரலும் அதை டேவிட் என்றுதான் சொல்லும். விமானக்காரர்கள் வழக்கப்படி டெல்டா என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பெயரில் ஒரு விமானக் கம்பெனிக்கு அதுதான் தலைமை இடம். டெல்டா என்றால் பாதிப் பேர் கம்பெனியைத் தேடிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். டிரங்க் கால் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இதே வேலையைத்தானே நாங்களும் செய்தோம். ஒரே மாதிரி கேட்கிற எழுத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துச் சொன்னால்தான் மறுமுனையில் இருப்பவருக்கு விளங்கும்.

நீ வந்து இறங்குவது எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். வெளிநாட்டு விமானம் ஈ அல்லது எஃப். ஆகையால் ஈ, எஃப் பக்கம் போகிற வண்டியில் ஏறு. எதிர்ப்பக்கம் ஏறினால் கடைசியில் பெட்டி எடுக்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே இறங்கினால் வெளியே போன கணக்கு, மறுபடி சோதனை வரிசையில் நிற்க வேண்டும். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்திருந்தால் எஸ்கலேட்டர் வேண்டாம், லிஃப்ட்டில் போ. ஹன்ட்ஸ்வில்லிலேயே பெட்டிச் சீட்டில் எம்.ஏ.ஏ. என்று சென்னைக்குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

நாங்கள் வரும்போது பட்ட பாடு உனக்கு இல்லை. அந்த நாட்டில் முதலில் கால் வைக்கிற இடத்திலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, திரும்ப பெல்ட்டில் போட்டு, திரும்பச் சோதனை. கிளம்பும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தக்கூட ஆள் கிடையாது. முத்திரை இல்லாமல் எப்படிப் போவது என்று நான் தேடி அலைந்ததைப் பார்த்து நீ சிரித்தாய். நீ சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

ஏ-க்கும் பி-க்கும் நடுவே நடைபாதையில் கூரையெல்லாம் காடு மாதிரி இலைகள் செய்து, பறவைச் சத்தம் வைத்திருக்கிறார்கள். அம்மா அதன் அடியிலேயே நின்றுவிட்டாள். அகிலுக்குக் காட்டலாம் என்று இந்தத் தடவை நினைக்காதே. ஒரு கான்கோர்ஸுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய ஆயிரம் அடி. பிள்ளையை இழுத்துக்கொண்டு நடக்கிற தூரமா அது? வண்டியிலேயே போ. போனை முழுதாகச் சார்ஜ் செய்துகொள். 2017 டிசம்பரில் அங்கே மின்சாரம் பதினோரு மணி நேரம் போய், வண்டியும் நின்று, ஜனங்கள் பட்ட அவதியைப் பேப்பரில் படித்திருக்கிறேன்.

இதெல்லாம் உனக்குத் தெரியாதா? தெரியும். எட்டாம் வகுப்பிலேயே இரண்டு பஸ் மாறிப் போய்ப் பரிசு வாங்கி வந்தவள். அதைத் தெருவெல்லாம் சொன்னவன் நான். ஆனால் ஒரு விஷயம் கஷ்டம் என்றால் வாய் திறந்து சொல்ல வேண்டாமா? மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையா என்று அம்மா என்னைக் கேட்கிறாள். நான் என்ன சொல்வேன்? ஆபீஸில் வேலை அதிகம் என்றேன்.

மறந்துவிடாதே: ஈ, எஃப் பக்கம். டைகர் டி பக்கம் போய்விடாதே.

மலர், வாய் திறந்து சொல்ல வேண்டாமா என்று மேலே எழுதிவிட்டேன். அதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும். நீ சொன்னாய். 2019-ல் எங்களுக்குத் துணையாக இன்னொரு டிக்கெட் போட்டு அட்லாண்டா வரைக்கும் வந்தாய். அம்மா அந்தப் பக்கம் நின்றிருந்தாள். டேவிட் டி-யில் கதவு மூடும்போது, "நானும் உங்ககூடவே வந்துடட்டுமாப்பா" என்று கேட்டாய். நான், "கம்பியைப் பிடி, வண்டி கிளம்புது" என்றேன். சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நீ நினைத்திருக்கலாம். முப்பத்தொரு வருஷம் எக்ஸ்சேஞ்சில் இரைச்சலுக்கு நடுவே குரல் பிடித்த காது இது. உன் வார்த்தை ஒன்றுவிடாமல் விழுந்தது. கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கடன் பாதி பாக்கி, ஊரில் என்ன சொல்வது, இதெல்லாம் அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். ஈ வந்தது, எஃப் வந்தது, இறங்கினோம். கேட் வாசலில் உன் கையைப் பிடித்து, மாப்பிள்ளைக்கு அனுசரித்துப் போ என்று வேறு சொன்னேன். அதற்கப்புறம் நீ எதுவுமே சொன்னதில்லை. அம்மாவுக்கு இதுவரை தெரியாது. இன்று ராத்திரி சொல்லப் போகிறேன்.

காட்டை அகிலுக்குக் காட்டிவிட்டே வா. விமானம் போனால் போகட்டும், அடுத்ததில் வரலாம். டிக்கெட் பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே யாருக்கு என்ன பதில் சொல்வது என்பதையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அறையிலிருந்த தையல் மெஷினை அம்மா நேற்றே கூடத்துக்கு நகர்த்திவிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

பெட்டி எத்தனை என்று மட்டும் எழுது. இரண்டு என்றால் சின்ன கார் போதும். நாலு என்றால் பெரிய வண்டியாக இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.

அப்பா