பனி முத்தமிடும் பத்து பேர்ச்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் காணி, வீடு விளம்பரப் பக்கத்தில் ஒரு வீடே வாய் திறந்து பேசியிருக்கிறது. “நான் ஹட்டன் பக்கத்துக் குட்டிச் சொர்க்கம். என் ஜன்னல்களைப் பனி முத்தமிடும். தேயிலை மலை எனக்குத் தலையணை. பத்து பேர்ச் நிலத்தில் உங்களுக்காகக் காத்திருக்கிறேன்.” இவ்வளவு பேசிய வீடு சர்வேயர் அளந்து வரைந்த பிளானின் இலக்கத்தைச் சொல்லவில்லை. காணியின் உரிமைப் பத்திரமான உறுதி என்ன வகை என்றும் சொல்லவில்லை. ரோட்டுப் பேச்சே இல்லை. கடைசியில் ஒரு தொலைபேசி இலக்கமும் “தரகர்கள் வேண்டாம்” என்ற வரியும். எழுதியவர் தரகர்தான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

வீடு கவிதை சொல்வதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அதற்கென்று தங்கள் பத்திரிகையில் தனிப் பக்கமே இருக்கிறது, அங்கே சொல்லியிருக்கலாம். என்னை உறுத்தியது அந்தத் தலையணைதான். மலை தலையணை என்றால், அத்திவாரத்துக்காக வெட்டிய மண்மேடு வீட்டின் பின்சுவரோடு ஒட்டி நிற்கிறது என்று அர்த்தம். மலையகத்தில் காணி பார்க்கிறவர்களுக்கு இது ஒரே பார்வையில் விளங்கும். கொழும்பிலும் கட்டாரிலும் உழைத்த காசைக் கையில் வைத்துக்கொண்டு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவை விட்டு வெளியே வரத் துடிக்கிற குடும்பத்துக்கு விளங்காது. தங்கள் விளம்பரப் பக்கத்தை விரல் வைத்துப் படிப்பது அந்தக் குடும்பம்தான்.

மண்மேட்டுக்கு முன்னால் அணைச்சுவர் இருக்கிறதா, அதில் தண்ணீர் வடியக் குழாய் வைத்திருக்கிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டு, மூன்று அங்குல பிவிசி குழாய்த் துண்டுகளை ஐந்தடிக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சற்றுச் சரித்து வைத்து, சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்குச் சல்லிக்கல் நிரப்ப வேண்டும். செலவு மிச்சம் என்று வெட்டிய மண்ணையே திரும்பத் தள்ளி மூடிவிடுகிறார்கள். மழையில் அந்த மண் ஊறும். தண்ணீர் போக வழி இல்லாததால் சுவரைத்தான் தள்ளும். சுவர் நடுவில் வயிறு வைக்கும், பிறகு படிக்கட்டு மாதிரி வெடிக்கும். விற்பதற்கு ஒரு மாதம் முன்னால் வெடிப்பில் சீமெந்தை அப்பி மேலே வெள்ளை அடித்துவிட்டால் போதும், பனிக்கு முத்தமிட நல்ல சுத்தமான சுவர் கிடைத்துவிடும்.

வீடு முழுக்கப் பழைய பெயின்டாக இருக்க, ஒரு சுவர் மட்டும் புதிதாக மினுங்கினால் அங்கே நின்று பார்க்க வேண்டும். கதவுகளைத் திறந்து மூட வேண்டும். மேல்மூலை நிலையில் உரசுகிறதா? மழைக்காலத்தில் பலகை ஊதியும் உரசும்தான். ஆனால் ஒரே பக்கத்துக் கதவுகள் எல்லாம் சேர்ந்து உரசினால் பலகைமேல் பழி போட முடியாது, அந்தப் பக்கம் அத்திவாரம் இறங்கியிருக்கிறது. மேட்டில் நிற்கும் மரங்களும் மின்கம்பமும் பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று கிளம்பியிருக்கிறதா, மலைத் தண்ணீர் விழும் பீலியில் திடீரென்று கலங்கல் தண்ணீர் வருகிறதா என்று அயல்வீட்டில் கேட்க வேண்டும். விற்கிறவரிடம் கேட்டுப் பயனில்லை. எங்கள் நுவரெலியா மாவட்டத்தில் வீடு கட்ட அனுமதி கேட்டால் பிரதேச சபை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கேட்கிறது. கட்டிய வீட்டை விற்கும்போது அந்தக் கடதாசியை விளம்பரத்தில் ஒருவராவது குறிப்பிட்டதுண்டா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலைகள் சரிந்ததையும் முதற்பக்கத்தில் போட்ட பத்திரிகை, உள்ளே மலையைத் தலையணையாக விற்கிறது. இதற்குமேல் நான் என்ன சொல்ல.

அடுத்தது பத்து பேர்ச். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. எங்கள் பக்கத்தில் டேப்பைச் சரிவோடு சாய்த்துப் பிடித்து, அகலம் 45 அடி, நீளம் 60 அடி, ஆக பத்து பேர்ச் என்று எழுதிவிடுகிறார்கள். சர்வேயர் பிளானில் போடுவது கிடைமட்ட அளவை. 30 பாகைச் சரிவில் 60 அடி டேப் பிளானில் 52 அடிதான். 45ஐ 52ஆல் பெருக்குங்கள், 2,340 சதுர அடி, 8.6 பேர்ச். பேர்ச் மூன்று இலட்சம் என்று பேசியிருந்தால் நாலு இலட்சத்துக்கு மேல் காற்றுக்குக் கொடுத்த காசு. அந்த 8.6இலும் வெட்டிய மேடு, வடிகான் ஓரம், கீழ்க்கரை எல்லாம் போகத்தான் வீடு நிற்க இடம். அளவு விஷயத்தில் தங்கள் அச்சுக்கூடமும் லேசுப்பட்டதல்ல. போன வருடம் பேர்ச்சுக்குப் பதிலாக ‘அடி’ விழுந்து, எட்டு அடி காணியில் மூன்று அறை வீடு விற்பனைக்கு வந்தது. சுட்டிக்காட்டி எழுதினேன். கடிதமும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை.

“தெளிவான உறுதி” என்ற இரண்டு சொல்லும் தங்கள் பக்கத்தில் வாடகை இல்லாமல் பல வருடமாகக் குடியிருக்கின்றன. எந்த உறுதி? முழுத் தனியார் உரிமையுள்ள சின்னக்கர உறுதியா, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசாங்கம் கொடுத்த அளிப்புப் பத்திரமா? அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் விற்றால், நொத்தாரிசு கையெழுத்தும் இரண்டு சாட்சியும் இருந்தாலும் அது செல்லாது. சிலரிடம் இருப்பது, ‘இது என் காணி’ என்று தாங்களே சொல்லி எழுதிவைத்த வெளிப்படுத்தல் உறுதி. சிலரிடம் அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பொதுவான பிரிபடாத பங்கு. எல்லாம் முத்திரை குத்திய கடதாசிதான், பார்த்தால் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துப் பதிவைப் புரட்டினால்தான் சாயம் வெளுக்கும். வங்கி அதைத்தான் கேட்கும். விளம்பரத்தில் “வங்கிக் கடன் வசதி உண்டு” என்று எழுதியவர் வங்கி வாசலுக்கு வரமாட்டார்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து வீட்டை மழை குறைந்த பெப்ரவரியில் படம் பிடிக்கிறார்கள். பண்டாரவளை வீட்டை, கச்சான் காற்று அடித்து எல்லாம் காய்ந்து கிடக்கும் ஜூலையில். வாங்குகிறவர் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஹட்டன் வீட்டின் கூரையை ஜூன் மழையில் பாருங்கள், பீலித் தண்ணீரை மார்ச்சில் பாருங்கள். பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் கூரையை டிசம்பரிலும் தண்ணீரை ஓகஸ்டிலும். “வாகனம் வாசல் வரை வரும்” என்பதையும் மழை நாளில்தான் சோதிக்க வேண்டும். அந்த வழி பிளானில் வழியாகக் காட்டப்பட்டிருக்கிறதா, அல்லது பக்கத்துக் காணிக்காரர் தயவா என்பது தனிக் கேள்வி.

“கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைப் பசுமை” என்பார்கள். அது தோட்டத்துக்குச் சொந்தமான பசுமை. தோட்டம் அந்த மலையில் டர்பன்டைன் என்கிற உயரமான மரத்தின் கன்றுகளை வைத்தால், ஏழெட்டு வருடத்தில் ஜன்னலுக்கு முன்னால் மரம் மட்டும்தான். “நுவரெலியாவில் வீடு” என்பது இன்னொன்று. கினிகத்தேனையும் நுவரெலியா மாவட்டம்தான், அங்கே ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. “மூச்சை நிறுத்தும் காட்சி” என்று எந்த மொழியிலிருந்தோ அப்படியே பெயர்த்துப் போட்டிருந்ததையும் கண்டேன். வாங்குகிறவரின் மூச்சு நிற்பது நொத்தாரிசு முன்னால் என்பதால், அதைப் பிழை என்று சொல்ல மனம் வரவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. கவிதை வரட்டும், வீடுகள் பேசட்டும். அதன் கீழே சிறிய எழுத்தில் நாலு விபரம் இருக்கட்டும்: பிளான் இலக்கமும் வருடமும், பிளானில் உள்ள பேர்ச், உறுதியின் வகை, வழியின் அகலம். பதினைந்து சொல்லுக்கு மேல் போகாது. சொல்லுக்குக் கட்டணம் என்றால் அந்தப் பதினைந்துக்கு மட்டும் கட்டணத்தை விட்டுவிடுங்கள்.

அதுவும் முடியாதென்றால், அந்த எட்டு அடி காணியையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
காணி அளப்பதைத் தொழிலாகக் கொண்ட வாசகர்,
ஹட்டன்.